மெம்பர் இல்லாத ஒரு வருடம்

போன வாரம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில், என்னோடு தபால் ஆபீசில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவரைச் சந்தித்தேன். என் கையில் இருந்த பைலைப் பார்த்துவிட்டு, "பேரப் பசங்களோட உக்காந்திருக்க வேண்டிய வயசுல எப்பப் பாரு மனுவும் கையுமா அலையுறியே, உனக்கு எதுக்குப்பா இந்த ஊர் வேலை?" என்று கேட்டார். அதற்குள் பழவேற்காடு பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறிவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில். எந்தக் குப்பம் என்பது வேண்டாம், தினமும் முகம் பார்த்து வாழ வேண்டிய இடம். அப்பா வலை இழுத்தவர். நான் நாலு எழுத்து படித்துத் தபால் துறைக்குப் போய், முப்பத்தாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2023இல் ஓய்வு பெற்றுத் திரும்பினேன். வந்த புதிதில் காலையில் நடை, மாலையில் கோயில் திண்ணை என்றுதான் பொழுது போனது. என்னைத் திண்ணையிலிருந்து எழுப்பியது 2025ஆம் வருடம்.

அந்த வருடம் ஜனவரி 5ஆம் தேதி, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்த்து 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். தலைவர், துணைத் தலைவர், வார்டு மெம்பர்கள் எல்லோரும் ஒரே இரவில் 'முன்னாள்' ஆனார்கள். புதுத் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்தார். இதை எழுதும் டிசம்பர் மாதம் வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 1970க்குப் பிறகு 1986இல்தான் ஊராட்சித் தேர்தல் பார்த்தோம். பதினாறு வருட இடைவெளி! அந்தக் காலம் 1991இல் முடிந்தது, மறுபடி 1996இல்தான். அப்புறம் 2016இல் தேர்தல் அறிவித்து, நீதிமன்றம் ரத்து செய்து, மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். இத்தனைக்கும் 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்திலேயே, ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு என்று காரணங்கள் ஒவ்வொரு தடவையும் கிடைத்துவிடுகின்றன. சட்டசபைத் தேர்தலை ஒரு வருடம் தள்ளிப் போட்டால் யாராவது சும்மா இருப்பார்களா? குப்பத்துத் தேர்தல்தானே என்றால் மட்டும் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. 2019 தேர்தலுக்கு ஓட்டுப் போடவே நான் ஊருக்கு வரவில்லை. அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

எங்கள் வார்டு மெம்பர் ஒரு பெண். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், இறாலும் நண்டும் வாங்கிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கூடையில் கொண்டு போய் விற்பவர். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கில் வந்தவர். முதல் இரண்டு வருடம் கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர்தான் போவாராம். கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீட்டுக்கு வருமாம். லீவுக்கு வந்தபோது நானும் இதைச் சொல்லித் திண்ணையில் சிரித்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் ஏதோ நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. குழாயில் வரும் தண்ணீர்தான் குடிக்க, சமைக்க எல்லாம். புதிதாக ஒரு பொதுக் குழாய் போட்டபோது கோயில் பக்கம் போடுவதென்று ஆண்கள் முடிவு செய்துவிட்டார்கள். அங்கேதானே ஊர் கூடுகிறது! தண்ணீர் சுமப்பவர்கள் கடைசித் தெருவில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இந்த அம்மா முதல் தடவையாகத் தானே கூட்டத்துக்குப் போய், குழாயைத் தெருக்கோடிக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் எழுத வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் போகவில்லை. நான் ஊருக்குத் திரும்பியபோது, எத்தனை தெரு விளக்கு வாங்கினார்கள், எத்தனை எரிகிறது என்று எண்ணிப் பார்த்துக் கேட்கிற அளவுக்கு வந்திருந்தார். என்னிடம் வந்து, "சித்தப்பா, இந்த வரவு செலவு நோட்டு எப்பிடிப் படிக்கிறதுன்னு சொல்லிக் குடு" என்பார். தபால் ஆபீஸ் கணக்குப் பார்த்தவன் என்பதால் சொல்லிக் கொடுத்தேன். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்.

2024 டிசம்பரில் நடந்த கடைசிக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் போட வைத்தார். மீன் இறங்கும் இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. விடியற்காலை மூன்றரைக்குப் போய் ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் வீடு திரும்ப மத்தியானம் ஆகும். அதுவரை அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்க நமக்கு இத்தனை வருடம் தோன்றியதில்லை, அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் மன்றமே இல்லை.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குப்பங்களில் பஞ்சாயத்து இரண்டு. சர்க்கார் ஊராட்சி ஒன்று. அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது ஊர்ப் பஞ்சாயத்து. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாமல் சுற்றி வரும். உள்ளாட்சி என்றாலே எல்லோரும் உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் என்றால் எங்கள் பாட்டைக் காட்டுவேன். கல்லில் வெட்டவில்லை, ஆனாலும் நடக்கிறது. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டபோது ஊர்க்காசு போட்டு மணல் தோண்டியதும், சுனாமி சமயத்தில் ஊரைக் கட்டி நிறுத்தியதும் இந்தப் பஞ்சாயத்துதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார மாட்டார்கள். விதவையோ, தனியாகத் தொழில் செய்து குடும்பம் காப்பாற்றுகிறவரோ, யாராக இருந்தாலும் ஓரமாக நின்று கேட்கலாம், பேச ஒரு ஆண் வேண்டும். சர்க்கார் ஊராட்சி போட்டுக் கொடுத்த அந்த ஒரு நாற்காலிதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருந்த ஒரே நாற்காலி. ஜனவரி 5ஆம் தேதி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தேர்தல் தள்ளிப்போவது எல்லோருக்கும் ஒரே மாதிரி நஷ்டம் என்று பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்களுக்கு மாற்று இடம் இருக்கிறது.

கோடையில் எங்கள் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்து போனது. முன்பெல்லாம் மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், மெம்பர் தலைவரைத் தட்டுவார், கடன் சொல்லியாவது மோட்டார் அன்றைக்கே காயில் கட்டப் போகும். பில் பிறகு வரும். அதில் கொஞ்சம் அப்படி இப்படி நடந்ததும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை எஸ்டிமேட் போட்டு, அனுமதி வாங்கி, கையெழுத்தாகி மோட்டார் திரும்பி வர ஒன்பது நாள். குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினோம். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நிவாரணம் 8,000 ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை குடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனி அலுவலரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு தடவை பார்த்தேன், மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்தால் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி வருகிறது. சில இடங்களில் ஐம்பதைத் தாண்டும். அத்தனை ஊர் மோட்டாரும் ஒரே மனிதர் தலையில். என் சிநேகிதரைப் போன்றவர்கள், "அதிகாரி இருந்தா கமிஷன் கிடையாது, கட்சி கிடையாது, நிம்மதி" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது? மெம்பர் தப்புச் செய்தால் அடுத்த தேர்தலில் ஒரு கை பார்க்கலாம், நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். மாற்றலாகிப் போகிறவரை என்ன கேட்பது? இன்னொன்றும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லையென்றால் மத்திய நிதிக்குழு மானியத்துக்கும் தடை வரும். 2016க்குப் பிறகு அப்படித்தான் நின்றது.

என்னால் முடிந்தது கிராம சபை. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஓட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிற எல்லோரும் அதில் உறுப்பினர்தான். வருடத்துக்கு ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த வருடம் மார்ச் கூட்டம் 29ஆம் தேதிக்கும் அக்டோபர் கூட்டம் 11ஆம் தேதிக்கும் தள்ளிப்போயின. மக்கள் தொகை 501இலிருந்து 3,000 வரை இருந்தால் 100 பேர் வந்தால்தான் கோரம். ஜனவரியில் நான் எண்ணியபோது 41 பேர். அதில் பெண்கள் ஏழு. நோட்டில் எத்தனை கையெழுத்து இருந்தது என்று கேட்காதீர்கள்.

வராததற்குக் காரணம் அலட்சியம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். முன்னாள் மெம்பர்தான் விளக்கினார். "பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா யாரு சித்தப்பா வருவாங்க? ஆம்பளைங்க ஏரியிலேர்ந்து வந்து அப்பத்தான் படுக்குறாங்க. நாங்க கூடையோட மார்க்கெட்ல இருக்கோம்." ஆபீஸ் நேரத்துக்கு மீன் வருவதில்லை என்பது மீனவன் மகனான எனக்கே மறந்து போயிருந்தது.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு முந்தின நாள் நானும் அவரும் வீடு வீடாகப் போனோம். 78 பேர் வந்தார்கள். கழிப்பறைத் தீர்மானத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார், நான் படித்தேன். அக்டோபரில் அவரே படித்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. முப்பத்தாறு வருடம் சர்க்கார் கடிதங்களோடு வாழ்ந்தவன், அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும்.

மற்ற வேலைகளைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் ஆரம்பித்ததிலிருந்து, முதியோர் பென்ஷன், மகளிர் உரிமைத் தொகை, ரேஷன் கார்டு என்று என் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கிழவர்கள் சேர்ந்து, பூநாரை பார்க்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறோம். இல்லாவிட்டால் அது வலையில் வந்து சுற்றிக்கொள்ளும். முழங்கால் வலிக்கிறது. பேத்தி கேலி செய்கிறாள்.

இந்த மாத ஆரம்பத்தில் டிட்வா புயல் வலுவிழந்து சென்னைப் பக்கமே நகராமல் நின்றபோது, எங்கள் பக்கம் விடாத மழை. கரண்ட் இல்லை. ராத்திரி தெருவில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் அந்த அம்மாதான், முழங்கால் தண்ணீரில், ஓலை வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். "மெம்பரு, எங்க வூட்டுக் கெழவியையும் கூட்டிக்கினு போ" என்று யாரோ இருட்டில் கத்துகிறார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப நான் மெம்பர் இல்லன்னு சொன்னா இவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது சித்தப்பா" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் என் கையில் இருந்த பைலில் இரண்டு காகிதம். ஒன்று கழிப்பறைத் தீர்மானத்தின் நகல். இன்னொன்று, வருகிற ஜனவரி 26 கிராம சபையை மாலை 4 மணிக்கு வைக்க வேண்டும் என்று ஒரு மனு. அதில் நேற்று வரை 63 கையெழுத்து, 40 பெண்களுடையது. ரேகை வைக்கிறேன் என்ற மூன்று பாட்டிமார்களுக்கு அந்த அம்மா பெயர் எழுதக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் தாமதம். இல்லாவிட்டால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.