இரகசியம் போயிற்று, நீதியும் போகவேண்டுமா?

நோயாளி வைத்தியரிடம் கூறுவது ஊருக்குக் கூறுவதன்று. ஆயினும் எம் மாத்தளை மாவட்டத்தில் இச்சிறு உண்மைக்கு எத்தனை இடங்களில் மதிப்புண்டு? தோட்ட மருந்தகம் நிருவாகத்தின் கீழ் இயங்குமிடத்தில், நோயைக் குறித்து வைப்பதும் பெயரைப் பதிவதும் சம்பளம் போடுவதும் ஒரே கை. காசநோயோ கருச்சிதைவோ, மாலைக்குள் லயமெங்கும் தெரிந்துவிடுகிறது. நகரத்து ஆசிரியைக்கும் மிளகு பயிரிடும் கமக்காரருக்கும் ஆபத்து வேறு உருவில் வருகிறது. பரிசோதனை அறிக்கையைக் கைபேசியில் படமெடுக்க ஒரு நொடி போதும்.

இதன்பின் எம்மவர் செய்வதென்ன? "பேசித் தீர்ப்போம்" என்னும் பிரமுகரிடம் ஓடுகின்றனர். அவர் பேசுவார்; வாரங்கள் ஓடும். பின்னர் நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகரிடமோ, காணி உறுதி எழுதிய நொத்தாரிசிடமோ போகின்றனர். உறுதி எழுதும் திறமை வேறு, அந்தரங்கம் காக்கும் வழக்காடும் திறமை வேறு அன்றோ? அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவு 1974இல் நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். அதனால் எல்லோரும் எல்லாம் அறிந்தவராகிவிடவில்லை.

தவறான கதவைத் தட்டுவதன் விலையைச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்குக் காட்டுகிறது. 1995இல் நாகாலாந்து வைத்தியர் ஒருவர் நோயாளிக்குத் துணையாகச் சென்னை சென்று இரத்தம் கொடுத்தார். எச்.ஐ.வி. தொற்றுத் தெரியவந்தது, செய்தி வெளியேறியது, நிச்சயித்த திருமணம் நின்றது, ஊரார் ஒதுக்கினர். அவர் தேசிய நுகர்வோர் ஆணைக்குழுவுக்குப் போனார். அது சிவில் நீதிமன்றத்தைக் காட்டியது. 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம், மணப்பெண்ணின் உயிரைக் காக்க இரகசியத்தை வெளியிடலாம் எனக் கூறி அவரது மனுவைத் தள்ளியது. அத்தீர்ப்பில் திருமண உரிமைபற்றிக் கூறப்பட்டவை தேவையற்றவை என 2002இல் அதே நீதிமன்றம் சொல்லிற்று. காலங்கடந்த சொல்!

எம் நாட்டிலும் கதவுகள் பல. அரச வைத்தியசாலை ஊழியரின் செயலாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ஒரே மாதத்துள் செய்யவேண்டும்! அவ்வத்தியாயத்தில் அந்தரங்க உரிமை என்று தனியே எழுதப்படவில்லை. சமத்துவ உரிமை முதலியவற்றின் வழியே வாதத்தை அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அம்மாதத்துள் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டை மடியில் வைத்து உறங்குவோருக்கு இச்சலுகை உண்டென எண்ணவேண்டாம். தனியார் வைத்தியசாலையாயின் வழி வேறு: ரோமன் டச்சுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு, எல்லை இரண்டாண்டு.

ஆகவே கறுப்புக்கோட்டைக் கண்டதும் கைகூப்பி நிற்கலாகாது. "ஐயா, அடிப்படை உரிமை வழக்கு நடத்தியதுண்டா? புதுக்கடைக்கு நீங்களே வருவீர்களா, வேறொருவரை அமர்த்துவீர்களா? எவ்வளவு செலவாகும், எழுதித் தருவீர்களா?" என்று கேட்பது அவமரியாதையன்று. அவர் அவ்வைத்தியசாலைக்கோ தோட்டக் கம்பனிக்கோ ஆஜராகிறவரா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். வெற்றுத்தாளில் கையொப்பமிடவே கூடாது. நோயாளியின் பெயரை எதிர்மனுதாரரல்லாதோர் அறியாதிருக்கச் செய்ய நீதிமன்றத்தை வேண்டுவாரா என்றும் கேட்கவேண்டும். இழந்த இரகசியத்தை வழக்கேட்டிலும் இழப்பதா? மொழி குறித்து அஞ்சவேண்டாம். தமிழில் மனுச் செய்யவும் மொழிபெயர்ப்புப் பெறவும் 24ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. பணமில்லாதோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

அரசாங்கத்தையும் கேட்கிறோம். சுகாதாரத் தகவலுக்கு விசேட பாதுகாப்புக் கூறும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருமென்றனர். நாள் நெருங்கியதும் ஒத்திவைத்தனர். மூன்றாண்டு போதவில்லையா? எம் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை: மாதத்தில் ஒரு ஞாயிறு றத்தோட்டைக்கோ எல்கடுவைக்கோ வந்து அமருங்கள். ஒரு மாதக் கெடுவில் பாதி பஸ் பயணத்திலும் கடன் தேடுவதிலுமே கழிந்துவிடுகிறது.