வெள்ளை நகரமும் ஒரு துண்டறிக்கையும்

சிகாகோ என்றால் நம் பள்ளிக்கூடங்களில் ஒரே ஒரு கதைதான். 1893 செப்டம்பர், சர்வமத மாநாடு, விவேகானந்தர், கைத்தட்டல். அந்த மாநாடு யார் போட்ட பந்தலில் நடந்தது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. கொலம்பஸ் அமெரிக்காவில் கால்வைத்த 400ஆம் ஆண்டைக் கொண்டாடிய உலகப் பொருட்காட்சியின் ஓர் அங்கம் அது. கட்டடங்கள் வெள்ளைவெளேரென்று இருந்ததால் 'வெள்ளை நகரம்' என்றார்கள். பளிங்கு என்று நினைத்தால் ஏமாந்தோம். சணல் நார் கலந்த சாந்துப் பூச்சு.

பூச்சுக்குப் பின்னால் என்ன இருந்தது? அடிமைமுறை ஒழிந்து 28 வருசம் ஆகியும் தெற்கில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். பொருட்காட்சியில் தங்கள் உழைப்பையும் கல்வியையும் காட்ட இடம் கேட்டார்கள் கறுப்பர்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த மாநிலக் குழுக்களிடம் போ என்று கைகாட்டிவிட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் தஹோமியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, குடிசை போட்டு, வேடிக்கைக்கு வைத்தார்கள். அதாவது கறுப்பர் காட்டக்கூடாது; காட்டப்படலாம்.

அடிமையாகப் பிறந்த பத்திரிகைக்காரி ஐடா பி. வெல்ஸ், பிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட மூவரோடு சேர்ந்து ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். இந்தப் பொருட்காட்சியில் கறுப்பர்கள் ஏன் இல்லை என்பதுதான் அதன் தலைப்பே. முன்னுரை ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருந்தது. வீட்டுக்காரனிடம் கெஞ்சவில்லை, விருந்தாளியிடம் நேராகச் சொன்னார்கள். அதை விநியோகிக்க இடம் தந்தது அமெரிக்கா அல்ல, ஹைட்டி நாட்டு மண்டபம்.

ஆகஸ்ட் 25-ஐக் 'கறுப்பர் தினம்' என்று ஒதுக்கினார்கள். தர்பூசணி கொடுப்பார்கள் என்று பேச்சு, பத்திரிகையில் கேலிச்சித்திரம். வெல்ஸ் புறக்கணித்தார். எழுபதைத் தாண்டிய டக்ளஸ் மேடையேறினார். கூச்சல் போட்டவர்களைப் பார்த்து, கறுப்பர் பிரச்சினை என்று ஒன்று கிடையாது, சொந்த அரசியல் சட்டத்துக்கு நீங்கள் உண்மையாக இருக்கிறீர்களா என்பதுதான் பிரச்சினை என்று போட்டு உடைத்தார். பத்திரிகையில் படித்த வெல்ஸ், நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

அரசே மனம் திருந்தி உண்மையைக் காட்டாதா என்று காத்திருப்பவர்களுக்கு 1958 பிரஸ்ஸல்ஸ் பொருட்காட்சியில் பதில் இருக்கிறது. அமெரிக்கா தன் குறைகளைச் சொல்ல ஒரு சிறு பகுதி வைத்தது. நிறப் பாகுபாடும் அதில் ஒன்று. தென்மாநில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். அதை மூடிவிட்டுப் பொதுச் சுகாதாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். 2021 அக்டோபரில் துபாயில் திறந்த உலகப் பொருட்காட்சியில் இந்திய மண்டபம் யோகாவையும் ஆயுர்வேதத்தையும் விண்வெளியையும் காட்டியது. 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழியில் இறங்கிச் சாகிறவனுக்கு எந்த மண்டபத்தில் இடம்? வெளிநாட்டு விழாக்களுக்குப் பறை போகும். பறையடிக்கிறவர் குடியிருக்கிற தெரு போகாது. 2001 டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசவே விடக்கூடாது என்று மல்லுக்கட்டியது இந்திய அரசு.

"நம்ம வீட்டுச் சங்கதிய வெளிய போய் சொல்லலாமா தோழர்?" என்று கேட்கிறவர்கள் நம் மேடைகளிலேயே உண்டு. நாங்க என்னைக்குய்யா அந்த வீட்டுக்குள்ள இருந்தோம்? ஊருக்கு வெளியே வைத்தவனுக்கு, வெளியே பேசாதே என்று சொல்ல என்ன யோக்கியதை?

வெள்ளை நகரம் மூடிய அதே 1893 அக்டோபரில், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். வைத்த பெயர் 'பறையன்'. பூச்சே இல்லாத பெயர்.

நம் கலைஞர்களைக் கூப்பிட்டால் போகட்டும், டக்ளஸ் போனதைப் போல. ஆட்டம் முடிந்ததும் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. கையில் துண்டறிக்கை இருக்கவேண்டும், விருந்தாளிக்குப் புரிகிற மொழியில். அதை எழுதுகிற வேலை, இதைப் படிக்கிற நம்முடையது.