இரண்டு மணி நேர வித்தியாசம்

2019ஆம் ஆண்டு மெல்பர்ன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் சங்கம், தேர்தல் நெருங்கிய நேரத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பொறுப்புக்குப் போட்டியிடுபவர் வாரத்துக்கு 22 மணி நேரமாவது வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பொறுப்புக்கு வருகிறவர் வேலை பார்க்க வேண்டாமா? ஆனால் அன்றைய ஆஸ்திரேலிய மாணவர் விசா, வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரு வாரங்களுக்கு 40 மணி நேரம்தான் வேலை பார்க்க அனுமதித்தது. அதாவது வாரத்துக்கு 20. விதியில் ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் இந்த வரம்பு பொருந்தாத, ஆய்வுப் பட்டம் படிக்கும் சிலரை விட்டால், வெளிநாட்டு மாணவர் யாரும் வேட்புமனு கொடுக்க முடியாது. கண்டனம் வலுத்த பிறகே விதி திரும்பப் பெறப்பட்டது.

குடிவரவுத் துறை அப்படி ஒரு விதியை எழுதியிருந்தால் நமக்கு வியப்பு இருக்காது. எழுதியவர்கள் மாணவர்கள். அகதிகளுக்காகவும் ஆதிக்குடிகளுக்காகவும் பதாகை பிடித்து நடக்கும் அதே மாணவர் இயக்கம், பக்கத்து இருக்கையில் பாடம் கேட்பவரைக் கழித்துக்கட்ட விசாவையே கருவியாக எடுத்தது. இது அநியாயம் என்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. சர்வதேச மாணவர்களின் பணத்தில் நடந்துகொண்டு, முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் தர மறுக்கும் எந்தச் சங்கமும் எல்லா மாணவர்களின் பெயரால் பேச அருகதையற்றது.

பணத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சங்கத்துக்குக் கட்டாயச் சந்தா வாங்கும் முறையை ஆஸ்திரேலியா 2005இல் சட்டம் போட்டு ஒழித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அது நடைமுறைக்கு வந்ததும் பல சங்கங்கள் தேய்ந்தன. 2012இல் ‘மாணவர் சேவை மற்றும் வசதிக் கட்டணம்’ என்ற பெயரில் பணம் திரும்பி வந்தது. 2025இல் அதன் உச்சவரம்பு 365 டாலர். உள்ளூர் மாணவர் இதை அரசுக் கடனில் ஏற்றிவிட்டு, வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கடன் கிடையாது. தனியாகவோ படிப்புக் கட்டணத்தோடு சேர்த்தோ கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டணத்தில் குறைந்தது 40 சதவீதம் மாணவர்கள் நடத்தும் அமைப்புகளுக்கே போக வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் சிட்னி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டவர். அந்த 40 சதவீதத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்திலும் பாதிப் பேர் அவர்களா?

பணம் கொடுத்தவருக்குப் பேச்சுரிமை என்ற வாதம்கூட இரண்டாம்பட்சம்தான். உள்ளூர் மாணவருக்குப் படிப்பு சரிப்படவில்லையென்றால் ஒரு பாடத்தைக் கைவிடலாம், பகுதிநேரமாகப் படிக்கலாம், வேறு பல்கலைக்கழகம் பார்க்கலாம். சர்வதேச மாணவர் முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதங்களுக்குள் பொதுவாகக் கல்வி நிறுவனத்தை மாற்ற முடியாது. விசாவுக்கு உரிய காலத்துக்குள் படிப்பை முடித்தாக வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆயிற்று, அடுத்த ஜூலையில் 2,000. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ நிலத்தை அடகு வைத்து அனுப்பிய குடும்பத்தின் பிள்ளை, சமையற்கூடத்தில் சட்டம் சொன்ன கூலிக்குக் குறைவாகக் கொடுக்கும் முதலாளியைப் பற்றிப் புகார் செய்யப் பலமுறை யோசிப்பான். மணிக்கணக்கைக் கொஞ்சம் மீறியிருந்தால் வாயே திறக்க மாட்டான். விட்டு விலகிப் போக வழியில்லாதவருக்குத்தான் உள்ளே இருந்து பேசும் உரிமை அதிகம் தேவை. இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது.

அவர்களுக்குக் கிடைப்பது என்ன? ஆண்டுக்கொரு பன்னாட்டு விழா. கொடி அணிவகுப்பு, பிரியாணிக் கடை, சேலை கட்டிக் காட்டும் அரங்கு. ‘சர்வதேச மாணவர் பொறுப்பாளர்’ என்றொரு பதவியும் இருக்கும். பல இடங்களில் அது ஒப்புக்குச் சப்பாணிதான்: விழாச் செலவுக்குக் கையெழுத்துப் போடலாம், வரவு செலவுத் திட்டத்தில் கை வைக்க முடியாது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் சங்கத்துக்குள்ளேயே சர்வதேச மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. அத்தகைய பிரிவுகள் செய்யும் வேலையை நாம் குறைத்துப் பேசவில்லை. தனி வீடு கட்டிக் கொடுத்ததைச் சாக்காக வைத்துப் பெரிய வீட்டின் கதவைச் சாத்துவதைத்தான் எதிர்க்கிறோம்.

கதவு சாத்தியிருந்தால் என்ன ஆகும் என்பதை மெல்பர்ன் பார்த்திருக்கிறது. 2009 மே 31 அன்று, தங்கள்மீது தொடர்ந்த தாக்குதல்களால் கொதித்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய சர்வதேச மாணவர் பேரவை பிறந்தது அடுத்த ஆண்டில்தான்.

மறுதரப்பு வாதங்களில் ஒன்றை மட்டும் பொருட்படுத்த வேண்டும். குறிப்பாகச் சீன மாணவர்கள் வழியாக அயல்நாட்டு அரசு சங்கத்துக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் அது. அரசுகளின் கை நீளம் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து வெளிப்படையான கணக்கு, ரகசிய வாக்கு, வேட்பாளர் அனைவருக்கும் ஒரே விதி. ஒரு நாட்டில் பிறந்த எல்லாரையும் தூதரகத்தின் ஆளாகப் பார்ப்பது, அந்த அரசுக்கு அஞ்சி வாழும் மாணவரையும் சேர்த்தே தள்ளிவிடும். இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள், வாக்களிக்க வருவதில்லை என்பதெல்லாம் சாக்கு. உள்ளூர் மாணவர்களும்தான் மூன்று ஆண்டில் போகிறார்கள், வாக்களிக்காமலும் இருக்கிறார்கள்.

நம் வீட்டு லட்சணமும் பெருமைப்படும்படி இல்லை. 2025 பிப்ரவரியில் புவனேஸ்வரத்தின் கேஐஐடி பல்கலைக்கழக வளாகத்தில் நேபாள மாணவி ஒருவர் விடுதியில் இறந்து கிடந்தார். நீதி கேட்ட நேபாள மாணவர்களை விடுதியைக் காலிசெய்யச் சொல்லி, பேருந்தில் ஏற்றிக் கட்டக் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது நிர்வாகம். அவர்களுக்காக நேபாளப் பிரதமர் பேச வேண்டியிருந்தது. டெல்லித் தூதரகத்திலிருந்து அதிகாரிகள் போக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே சங்கத் தேர்தல் இல்லை என்பதால், இங்கு படிக்கும் ஆப்பிரிக்க, இலங்கை மாணவருக்கு என்ன இடம் என்ற கேள்விக்கே நாம் இன்னும் வந்து சேரவில்லை.

மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு பிரிட்டன் சாட்சி. விசாக் கட்டுப்பாடுகளில் தாராளம் என்று அந்த நாட்டை யாரும் குற்றம் சாட்ட முடியாது. அங்கேயே, சங்கத்தின் முழுநேரப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெளிநாட்டு மாணவர் இரண்டு ஆண்டுகள் வரை அந்த வேலையைப் பார்க்க விசா விதி இடம் தருகிறது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் மாணவர் விசாவின் வேலை நேர வரம்பு இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். பழைய 22 மணி நேர விதி இன்று வந்திருந்தால் பலிக்காது (26 என்று திருத்தியிருப்பார்களோ என்னவோ). ஆனால் ஊதியம் பெற்று வாரம் 22 மணி நேரம் சங்க வேலை பார்க்கும் சர்வதேச மாணவருக்கு, வாடகைக்குச் சம்பாதிக்க மிஞ்சுவது 2 மணி நேரம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை மட்டுமே பொறுப்புக்கு வர முடியும் என்ற நிலை அது. எனவே சங்கங்களின் நிர்வாகக் குழுவிலும் நிதிக் குழுவிலும் சர்வதேச மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள், மற்றவர்களுக்கு உள்ள அதே வாக்குரிமையோடும் அதே படித்தொகையோடும் உட்கார வேண்டும். புதிய 40 சதவீதப் பணத்துக்கு இதை முன்நிபந்தனையாக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பில் செலவாகும் நேரத்தை விசா மணிக்கணக்கில் சேர்க்கக் கூடாது. படிப்பின் கட்டாயப் பகுதியாக அமையும் வேலைக்கு இந்த விலக்கு ஏற்கெனவே உண்டு. கான்பெரா அதே பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்தால் போதும்.