வாங்கினால் பாவம், வளர்த்தால் பாவமில்லையா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவின் வாசலில் ஒரு தாய் காத்திருந்தார். பிள்ளைகள் அனைவரும் கலைந்து சென்ற பின்னரே வாய் திறந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஹழ்ரத், இது என்ன செடின்னு பார்த்துச் சொல்லுங்க. மகன் மூலிகைன்னு சொல்றான். எனக்கு என்னமோ மனசு சரியில்லை" என்றார்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய பெயின்ட் வாளி ஒன்றில் நின்றது அந்தச் செடி. விரல்கள் விரிந்தாற்போன்ற, ஓரமெல்லாம் பல் பல்லான இலைகள். அது கஞ்சாச் செடி. மகன் கல்லூரி விடுதியில் தங்கும் நாள்களில் செடி வாடிவிடக் கூடாதே என்று இரண்டு மாதங்களாக அதற்குத் தண்ணீர் ஊற்றி வந்தவர் அந்தத் தாய்தான்.

அந்த மகன் என்னிடம் குர்ஆன் ஓதியவன். மறுநாள் இஷாவுக்குப் பின் வந்தான். தலைகுனிந்து நிற்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ வாதிட்டான். "நான் யாரிடமும் வாங்கவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. முதன்முதலாக ஒரே ஒரு செடி வைத்தேன். அதுவும் என் வீட்டில். இதனால் யாருக்கு என்ன தீங்கு?" என்று கேட்டான். இந்தக் கேள்வி இன்று அவன் ஒருவனுடையது மட்டுமன்று. காணொளிகளைப் பார்த்து விதை தேடும் நம் இளைஞர் பலரின் உள்ளத்தில் இருப்பதும் இதுவே. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாதம்: வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

மது தொடர்பாகப் பத்து வகையினரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அனஸ் (ரலி) வழியாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு வந்துள்ளது. அந்தப் பட்டியல் குடிப்பவரிலிருந்து தொடங்கவில்லை, விற்பவரிலிருந்தும் தொடங்கவில்லை. பழத்தைப் பிழிபவரிலிருந்து தொடங்குகிறது. அடுத்து, பிழியச் சொல்பவர். சுமப்பவரும் பரிமாறுபவரும்கூட அதில் உண்டு. அந்தப் பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர் மட்டுமே. மற்ற ஒன்பது பேரும் அந்தப் பொருளை உலகில் இருக்கச் செய்பவர்கள், கை மாற்றுபவர்கள். போதைக்காகவே விதை ஊன்றி, நீரூற்றி, பூக்கும் வரை காத்திருப்பவர் இவர்களுள் யாருக்கு நெருக்கமானவர்? வாங்கிப் பயன்படுத்துபவர் ஒரு பாவத்தின் கடைசிப் படியில் நிற்கிறார். வளர்ப்பவரோ முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை தாமே ஏறி இறங்குகிறார். இதில் பாவம் குறைந்தது எங்ஙனம்?

இரண்டாம் வாதம்: குர்ஆனில் கஞ்சாவின் பெயர் இல்லை, இது அல்லாஹ் படைத்த செடி, செடி நடுவது ஸதகா.

குர்ஆனில் பிராந்தியின் பெயரும் இல்லை. போதை தரும் எதுவும் விலக்கப்பட்டதே என்பது நபிமொழியின் தெளிவான கருத்து. அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியுள்ளார்கள். எகிப்தின் ஷாஃபிஈ மேதை இமாம் ஸர்கஷீ அவர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே ஹஷீஷ் எனும் இக்கஞ்சாவின் விலக்கல் பற்றித் தனி நூலே எழுதினார்கள். இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ அவர்கள் பெரும்பாவங்களின் வரிசையில் அதனைச் சேர்த்தார்கள். ஏதோ புதிதாக முளைத்த பிரச்சினையைப் போல, ‘மார்க்கத்தில் இதற்குத் தெளிவில்லை’ என்று கூறுவது அறியாமை.

‘நம் மத்ஹபில் அந்தச் செடி நஜீஸ் இல்லையே’ என்று சட்டம் பேசுவோரும் உண்டு. உண்மைதான், நஜீஸ் இல்லை. அரளியும் ஊமத்தையும்கூட நஜீஸ் இல்லை. அதற்காக அரைத்துக் குடிப்போமா? ஒரு பொருள் தூய்மையானதா என்பது வேறு கேள்வி, அதை உட்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. இன்னும் சிலர், தர்கா ஓரங்களில் சில பக்கீர்கள் இழுக்கும் சிலும்பியைச் சான்றாகக் காட்டுகின்றனர். தவறு செய்பவர் பச்சைத் தலைப்பாகை அணிந்திருப்பதால் தவறு மார்க்கமாகிவிடாது.

மனிதரோ பறவையோ உண்ணும்படி ஒரு மரத்தை நடுவது தர்மம் என்பது உண்மையான நற்செய்தி. அந்த நற்செய்தியின் உயிர், பிறர் பெறும் பயனில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைக்க வேண்டிய செடியில் யாருக்கு என்ன தர்மம்? திராட்சை ஹலாலான கனி. ஆயினும் அதைக் கொண்டு மது காய்ச்சுவார் என்று அறிந்தே ஒருவருக்கு விற்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் தடுக்கின்றன. ஹலாலான கனிக்கே நோக்கம் பார்க்கப்படுகிறது எனில், போதைக்காகவே நட்ட செடிக்கு வேறு சான்று வேண்டுமா?

மூன்றாம் வாதம்: வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

அனுமதிக்கிறது. கனடாவில் 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் 3 செடிகள் வரை வளர்க்கலாம். ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அதே கனடாவின் கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய தாய்லாந்து, மூன்றே ஆண்டுகளில், மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதன் பூவை விற்கக் கூடாது என்று திரும்பி வந்தது. ஜெர்மனியின் சட்டமும், செடியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அனுமதித்தவர்களே இது பாதுகாக்க வேண்டிய பொருள் என்று ஒப்புக்கொள்கின்றனர்.

இதைவிட எளிய பதில் ஒன்று நம் தெருவிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் அரசே கடை திறந்து மது விற்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நாம் அந்த வரிசையில் நிற்கிறோமா? டொரான்டோவிலும் பெர்லினிலும் வாழும் நம் சொந்தங்களுக்கும் இதையே சொல்கிறேன். சட்டம் உங்களைச் சிறையிலிருந்துதான் காக்கும். மறுமையின் கேள்வியிலிருந்து காக்காது.

நான்காம் வாதம்: இது மருந்து.

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னபிடியால் எனும் பொருளை, சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்க மருந்துத் துறை ஏற்றது. அதை மறுக்கவில்லை. அது போதை தரும் பொருள் அன்று. மருத்துவர் அளவு குறித்துக் கொடுப்பது. நோயும் நிர்ப்பந்தமும் வந்தால் அதற்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு. பெயின்ட் வாளியில் வளர்வதற்கு எந்த மருத்துவர் அளவு குறித்தார்? இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கும் மூளையில், இளவயதிலேயே அடிக்கடி கஞ்சா சேர்ந்தால் மனச்சிதைவுக்கான ஆபத்து கூடுகிறது என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. மார்க்கம் காக்க வந்த ஐந்தில் அறிவும் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் வகுத்தது ஏட்டில் வைத்து அழகு பார்க்க அன்று.

இவ்வளவும் அவனிடம் சொன்னேன். அவன் அசையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இறுதியில் நாட்டின் சட்டத்தைச் சொன்னேன்.

வாங்குவதைவிட வளர்ப்பது பாதுகாப்பானது என்று நம் பிள்ளைகள் நம்புகின்றனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதற்கு நேர்மாறானது. சிறு அளவு, அதாவது ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. செடி வளர்த்தால், 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். ‘ஒரே ஒரு செடிதானே’ என்பதற்கு அங்கே தனி வகுப்பு இல்லை. அத்துடன் 25ஆம் பிரிவு ஒன்று உள்ளது. இத்தகைய குற்றத்திற்குத் தெரிந்தே தம் வீட்டில் இடம் கொடுப்பவருக்கும் அதே தண்டனை.

அவனிடம் கேட்டேன்: "நேற்று வரை உன் உம்மா அது என்ன செடி என்று அறியாதவர். நேற்று அஸருக்குப் பின் நான் அதன் பெயரைச் சொல்லிவிட்டேன். இனி அவர் தெரிந்தே தண்ணீர் ஊற்ற வேண்டுமா?"

நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "உம்மாவையுமா பிடிப்பாங்க?" என்று மட்டும் கேட்டான். அன்றிரவே தன் கையாலேயே அதைப் பிடுங்கினான்.

என் வீட்டில், எனக்காக மட்டும் என்ற வாதம் பொய்த்துப்போகும் இடம் இதுதான். வீடு ஒருவருடையது அன்று. அங்கே தண்ணீர் ஊற்றும் தாய் இருக்கிறார், விளையாடப் போய் இலையைக் கிள்ளும் தம்பி இருக்கிறான், வீட்டின் பெயரைச் சுமந்து நிக்காஹ்வுக்குக் காத்திருக்கும் சகோதரி இருக்கிறாள். வெளியே சென்று செய்யும் பாவம் ஒருவனுடையது. வீட்டுக்குள் நட்டு வைக்கும் பாவம் அனைவரையும் உடந்தையாக்குகிறது. பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் துணை போகாதீர்கள் என்ற இறைக்கட்டளையின் பொருளை நான் அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

இளைஞர்களை மட்டும் குறை கூறி முடிப்பது நீதியன்று.

பெற்றோரே! பிள்ளைக்குத் தனி அறை கொடுத்தோம், கைப்பேசி கொடுத்தோம். கூரியரில் வரும் பொட்டலத்தில் என்ன என்று கேட்பதை மட்டும் நாகரிகக் குறைவு என்று விட்டுவிட்டோம். உங்கள் மொட்டை மாடிக்கு நீங்கள் கடைசியாகச் சென்றது எப்போது?

ஜமாஅத் நிர்வாகிகளே! செய்தி வெளியானதும் ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லி அவமதிப்பதும், அடுத்த குடும்பத்தார் அதைக் கண்டு தம் பிள்ளையின் பழக்கத்தை இன்னும் ஆழமாக மறைப்பதும் நம் மஹல்லாக்களில் வழக்கமாகிவிட்டன. வெட்கத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்லாத பிள்ளையை நாம்தான் அந்தச் செடியிடம் திருப்பி அனுப்புகிறோம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிரண்டு வயதில் மக்தபை விட்டுச் சென்ற அந்த மாணவனுக்கு நான் கற்பித்த மதுவிலக்கு, சாராயப் புட்டியோடு நின்றுவிட்டது. இலையாகவும் மாத்திரையாகவும் அது வரும் என்று நான் சொல்லவே இல்லை. இப்போது பெரிய வகுப்புகளில் சொல்கிறேன்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண் உள்ளது. அதில் பேசுவது அவமானமன்று. தவ்பாவின் வாசல் திறந்திருக்கும்போது மருத்துவமனையின் வாசலை நாம் ஏன் அடைக்க வேண்டும்? அந்த மாணவனும் ஆலோசனைக்குச் சென்று வருகிறான். முற்றிலும் மீண்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறான். ஃபஜ்ர் ஜமாஅத்தில் சில நாள்கள் அவனைப் பார்க்கிறேன். வராத நாள்களில் நானே கைப்பேசியில் அழைக்கிறேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் நம் வீடுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.