கணனிப் பக்கம்: ஒரு பெட்டிக்குப் பல பெயர்கள்



வீட்டில் உங்களுக்கு எத்தனை பெயர்? பிள்ளைகளுக்கு உம்மா, தங்கைக்கு ராத்தா, மூத்தவளின் பிள்ளைகளுக்குச் சாச்சி, அடுத்த வீட்டாருக்கு டீச்சர். எந்தப் பெயரால் அழைத்தாலும் வந்து நிற்பது நீங்கள் ஒருவர்தான். யுனிக்ஸ் கணனியில் மின்னஞ்சலுக்கு மாற்றுப்பெயர் வைப்பதும் இப்படித்தான்.

1983இல் பெர்க்லி யுனிக்ஸோடு வெளிவந்த 'செண்ட்மெயில்' என்ற மென்பொருளை எழுதியவர் எரிக் ஓல்மன். அதில் மாற்றுப்பெயருக்கென்று புதிய தபால் பெட்டி திறக்கவேண்டியதில்லை. 'ஏலியாஸஸ்' எனும் சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு வரி போதும். இடப்பக்கம் மாற்றுப்பெயர், அடுத்து முக்காற்புள்ளி, வலப்பக்கம் கடிதம் சேரவேண்டியவரின் பெயர். பலருக்கென்றால் இடையிடையே காற்புள்ளி.

எழுதியதும் 'நியூஏலியாஸஸ்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். செண்ட்மெயில் தேடுவது நீங்கள் எழுதிய கோப்பிலல்ல. விரைவுக்காக அதிலிருந்து ஆக்கப்படும் வேறொரு கோப்பில். இதை மறந்தவர், வரி சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்காய் விழித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு பெயர்களை மறக்கவே கூடாது. ஒன்று 'போஸ்ட்மாஸ்டர்'. ஒவ்வொரு தபால் கணனியிலும் இப்பெயர் இருக்கவேண்டுமென்று 1982இலேயே விதித்துவிட்டார்கள். மற்றது 'ரூட்'. இரவில் செய்யவேண்டிய வேலை தவறினால், கணனி தன் முறைப்பாட்டைப் பெரும்பாலும் ரூட்டுக்குத்தான் எழுதும். அந்தப் பெயரை உயிருள்ள ஒருவருக்குத் திருப்பிவிடாவிட்டால், வாசிப்பாரின்றிக் கடிதங்கள் குவியும்.

வலப்பக்கத்தில் ஆளுக்குப் பதிலாக ஒரு மென்பொருளையும் எழுதலாம். வசதிதான், ஆனால் வாசற்கதவைத் திறந்து வைப்பது போன்றது. பழைய யுனிக்ஸ்களில் 'டிகோட்' என்றொரு மாற்றுப்பெயர் ஆயத்தமாகவே வந்தது. அதற்குக் கடிதம் அனுப்பியே வெளியார் உள்ளேயிருக்கும் கோப்புகளை மாற்றி எழுத முடிந்தது. அந்த வரியை நீக்கிவிடும்படி பிற்காலத்தில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஒரு நிறுவனம் 'ஆலோசனை' என்று ஒரு முகவரி தருகிறது. ஒரு பெண் தன் வீட்டுத் துயரத்தை அதற்கு எழுதுகிறாள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரா, ஐவரா? எழுதியவளுக்குத் தெரிய வழியில்லை. கடிதத்தின் தலைப்பில் அவள் காண்பது மாற்றுப்பெயரை மட்டுமே. ஐவரில் ஒருவர் வேலையை விட்டுப் போயும், அவருடைய வெளி முகவரி அந்த வரியிலேயே இருந்தால், அவள் கடிதத்தின் பிரதி இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போகும். யாரும் திருடவில்லை, ஒரு பெயரை அழிக்க மறந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பாடசாலையிலோ சங்கத்திலோ இப்படியொரு பொது முகவரி இருந்தால், பொறுப்பானவரிடம் கேளுங்கள்: "இது யார் யாருக்குப் போகிறது?" அவர் கோப்பைத் திறந்து அந்த வரியை வாசித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். விலகியவரின் பெயர் இருந்தால் அப்போதே அழிக்கச் சொல்லுங்கள். கட்டளையைக் கொடுத்தாரா என்றும் பாருங்கள்.