வழித்துணை: பெரிய வண்டி வேண்டுமா?

தாயகம் விட்டு நாகபுரியில் வாழும் நம்மவர் இல்லங்களில், கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வாண்டு ஊருக்கு எப்படிப் போவது? பெரும்பாலோர் ரயில் என்று முடித்துவிடுவர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நாம் அம்முடிவை மறுப்போமா? எனினும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டது சற்று வேறு வகையானது. அதை இம்மாதம் இப்பகுதியில் ஆராய அவர் இசைந்திருக்கிறார்; பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அன்பரிடம் சிறிய பெட்ரோல் வேன் ஒன்று இருக்கிறது. உரிய அனுமதியுடன் அதன் பின்புறத்தைத் திருத்தி, மடக்குப் படுக்கையும் சிறிய அடுப்பும் தண்ணீர்ப் பாத்திரமும் வைத்து, எட்டு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் திருநெல்வேலிச் சீமைக்குப் போய் வருகிறார். இப்போது அதைக் கொடுத்துவிட்டு, டீஸலில் ஓடும் பெரிய கேரவன் ஒன்றை வாங்கலாமா என்பதே அவருடைய யோசனை. கேரவன் என்னும் சொல்லை நம்மவர் சினிமாச் செய்திகளில்தான் மிகுதியும் கண்டிருப்பர்; நட்சத்திரங்கள் இளைப்பாறுவதற்காகப் படப்பிடிப்பு நடக்குமிடத்தில் நிற்கும் குளிரூட்டிய வண்டி அது. குடும்பத்தார் உண்டு உறங்கிச் செல்லும் வண்டிக்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. நம் பாட்டனார் காலத்துக் கூண்டு வண்டியின் பேரப்பிள்ளை என்று கொள்க. அதில் வைக்கோல் மெத்தை. இதில் ரப்பர் மெத்தை.

பாஸில் பிரயாணம் செய்கிறவர் மோட்டார்ச் செலவைப் பற்றி உபதேசிக்கலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்; கணக்கு எழுதுவது நமது தொழில்.

முதலில் டீஸல் மலிவு என்னும் பேச்சை எடுத்துக்கொள்வோம். நாகபுரியிலிருந்து ஐதராபாத், கர்நூல், அனந்தப்பூர், பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே செல்கிறது. தூரம் ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். போக, வர, ஊரில் உறவினர் வீடுகளுக்குச் சுற்ற என எல்லாம் சேர்த்து 3,600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய வேன் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 240 லிட்டர் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய் எனின் செலவு 25,200 ரூபாய். பெரிய டீஸல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 360 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் எனின் 32,400 ரூபாய். லிட்டருக்குப் பதினைந்து ரூபாய் மலிவான எண்ணெயில் ஓடி, 7,200 ரூபாய் கூடுதலாகச் செலவழித்து ஊர் சேர்கிறோம்!

இதில் டீஸலின் குற்றம் ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் டீஸலில் அடங்கிய ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். காற்றை மிக நெருக்கி அழுத்தி எரிப்பதால் அந்த எஞ்சின் குறைந்த சுற்றிலேயே கனமான பாரத்தை இழுக்கும். ஒன்றரை டன் வேனுக்கு அத்திறன் கட்டாயமில்லை. மூன்றரை, நாலரை டன் வண்டிக்கு அது இன்றியமையாதது. பாரம் கூடுவதால்தான் டீஸல் வந்து சேர்கிறதேயன்றி, சிக்கனத்திற்காக அன்று.

வேறொரு சங்கதியும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடெங்கும் விற்கப்படும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. இவ்விதிப்படி வரும் டீஸல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். பிடித்த கரி எரிந்து வெளியேற வேண்டுமாயின், வண்டி நல்ல வேகத்தில் நெடுநேரம் ஓடிச் சூடேற வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் வாசலில் நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். பலவற்றிற்கு யூரியாக் கரைசலும் தனியே ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நெடுவழி போகும் குடும்பம் இதை யோசியாமல் இருக்கலாகாது.

ஆனால் எண்ணெய்க் கணக்கு சில்லறைக் கணக்கே. முதலே பெரிது. பழைய வேனை விற்று வரும் தொகை போக இன்னும் 18 லட்சம் ரூபாய் வேண்டும் என்கிறார் அன்பர். வைப்பு நிதியிலிருந்து பெரும்பகுதியை எடுக்க உத்தேசம். நூற்றுக்கு எட்டு வட்டி என்று கொண்டால் அத்தொகை ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஈட்டக்கூடியது. அந்த வண்டியில் குடும்பத்தார் உறங்கப்போவதோ ஆண்டுக்குப் பன்னிரண்டு இரவுகள். ஆக ஓர் இரவுக்கு 12,000 ரூபாய், வட்டி வகையில் மட்டும்! வண்டியின் தேய்மானம், வரி, இன்ஷூரன்ஸ் யாவும் இதற்கு மேல். இரண்டு ஆண்டுகளில் மூத்த பெண் கல்லூரிக்குப் போகவேண்டியவள் என்பதை அன்பரே நம்மிடம் சொன்னார். அப்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

பின் ஏன் இந்த ஆசை என்று கேட்டோம். அவர் அன்னையாரைக் குறித்துச் சொன்னார். அம்மூதாட்டியாருக்கு வயது 76. முழங்கால் மடங்குவது அரிது. ரயிலில் அழைத்துப் போகலாம் என்றால், கிராண்ட் டிரங்கு எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் சென்னையோடு நின்றுவிடும். அங்கே வேறு வண்டி ஏற வேண்டும். நேராகத் திருநெல்வேலி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாட்களே. முதியோர்க்குக் கீழ்ப் படுக்கை தர ரயில்வேயில் ஏற்பாடு உண்டு. கட்டணச் சலுகைதான் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அன்பரின் கவலை படுக்கையும் அன்று, கட்டணமும் அன்று. ஓடும் ரயிலில் நள்ளிரவில் கழிப்பறைக்கு நடந்து செல்வதுதான். அதற்கஞ்சி அன்னையார் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிடுவாராம். இதைக் கேட்டபின் ரயிலுக்காக வாதாட நமக்கு மனம் வரவில்லை.

சிறிய வேனிலும் குறை உண்டு. வெளிப்புறத்தில் அளந்தாலே ஆறடி உயரம். உள்ளே எவரும் நிமிர்ந்து நிற்க இயலாது. மூதாட்டியாரும் பதினைந்து வயதுப் பேத்தியும் சேலை, தாவணி மாற்றிக்கொள்ள இடமின்றி, வழியில் விடுதி தேடி நிற்கிறார்கள். இஃது ஆடம்பரம் பற்றிய பேச்சன்று. உயர்ந்த கூரையும், ஒரு திரையும், உள்ளேயே சிறு கழிப்பறையும் ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஆண்கள் பலர் உணர்வதில்லை. அன்பர் உணர்ந்திருக்கிறார், அதற்காக அவரைப் பாராட்டுகிறோம்.

ஆனால் அந்த ஆறுதலுக்கு வேண்டுவது உயரமேயன்றி நீளமன்று. இதை அவரிடம் வற்புறுத்தினோம். அவர் மனத்தில் வைத்திருப்பது ஏழு மீட்டர் வண்டி; நான்கு படுக்கை, சோபா, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி. ஐந்து மீட்டர் அளவிலேயே உயர்ந்த கூரையுள்ள வண்டிகள் உள்ளன. அவர் வீட்டு வாசலில் அதுவே அடங்காதெனினும் பக்கத்துச் சந்தில் நிற்கும். ஏழு மீட்டர் வண்டி, நாகபுரியின் 45 டிகிரி வெயிலில், தெருவோரத்தில், ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் நிற்க வேண்டியதுதான். ஓடாத வண்டியின் டயர் வெடிப்பதும் பாட்டரி செத்துப்போவதும் நாம் அன்றாடம் காண்பவை.

கழிப்பறை குறித்தும் ஒரு சொல். இவ்வண்டிகளில் உள்ள கழிவுப் பெட்டி இருபது லிட்டர் அளவினது எனில், ஐந்து பேருக்கு ஒரு நாள் தாங்கினால் அதிகம். மேலைநாடுகளில் அதைக் கொட்டுவதற்கென்றே வழிநெடுகத் துறைகள் உண்டு. நம் நெடுஞ்சாலைகளில் அவ்வசதியை எதிர்பார்த்துப் போகலாகாது. யார் அதைத் தூக்கிச் சென்று, எங்கே கொட்டிக் கழுவுவது? வீட்டில் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். பேசாவிட்டால் அவ்வேலை இல்லத்தரசியாரின் தலையில்தான் விழும்.

இனி வெப்பம். மே மாதத்தில் தெலங்கானா வழியே செல்லும்போது குளிரூட்டியின்றி வண்டிக்குள் உறங்க ஒண்ணாது. 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பாட்டரியில் உள்ளது 2,400 வாட் மணி மின்சாரம். 1,000 வாட் இழுக்கும் குளிரூட்டியை அது இரண்டரை மணி நேரங்கூட ஓட்டாது. ஈய பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கலாகாது என்பதால் மெய்யாகக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே ஜெனரேட்டர் வைக்கிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை. குழந்தைகளையும் முதியவரையும் உள்ளே கிடத்திவிட்டு எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உறங்குதல் அறவே கூடாது. மின்சாரம் தரும் விடுதி வாசலில் நிறுத்தி இணைப்பு வாங்கலாம் என்றார் அன்பர். விடுதி வாசல் வரை போனபின், தரைத்தளத்து அறை ஒன்றிலேயே உறங்கலாமே என்றோம். சிரித்தார், மறுக்கவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை 2004ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை வாடகை வண்டி வகையில் சேர்க்கவில்லை. ஆயின் பயணிகள் வண்டியை வாங்கிப் பட்டறையில் வீடாக மாற்றுவதாயின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். பெறாவிடில் விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும் தேவை. 2025 ஆகஸ்டு 15 முதல் தனியார் கார், ஜீப், வேன்களுக்கு ஆண்டுச் சுங்க அனுமதி தருகிறார்கள்; பதிவுப் புத்தகத்தில் மினி பஸ் என்றிருந்தால் அது கிட்டாது. எந்த வகையில் பதிவாகும் என்பதை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது நன்று.

நாம் சென்ற வாரம் அன்பர் இல்லம் சென்றிருந்தபோது அன்னையாரும் கூடத்தில் இருந்தார். மகன் வண்டியின் படத்தைக் காட்டினார். நெடுநேரம் பார்த்தவர், "எனக்காகன்னு சொல்லி வாங்காத, ஐயா. உனக்கு ஆசையா இருந்தா வாங்கு. நான் இன்னும் எத்தனை தடவை ஏறி இறங்கப்போறேன்?" என்றார். பிறகு படத்தில் வாசற்படியைத் தொட்டு, "இது எவ்வளவு உசரம்?" என்று கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. பெரிய வண்டிகளில் தரையிலிருந்து முதற்படி உயரமாகவே இருக்கும். ஒன்பதரை லட்சமா, பதினெட்டு லட்சமா என்று வாதிட்டுக்கொண்டிருந்தோமே தவிர, அந்த முழங்காலுக்கு அப்படி எட்டுமா என்று அவர் ஒருவரே கேட்டார்.

அன்பருக்கே ஆசையிருப்பின் அதில் தவறொன்றுமில்லை. பத்தாண்டு உழைத்தவர் ஒன்றை விரும்பக்கூடாதா? ஆசை என்ற தலைப்பிலேயே அதைக் கணக்கில் எழுதட்டும் என்பது நம் கருத்து. தாயின் பெயரில் பற்று எழுதி, பெண்ணின் கல்லூரிப் பணத்தில் வரவு வைத்தல் முறையாகாது.

நாம் சொன்ன யோசனை இது. இவ்வாண்டு எதையும் வாங்க வேண்டாம். மகாராஷ்டிர அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. கேரளமும் அவ்வாண்டிலேயே அத்துறையில் இறங்கியது. இன்று இவ்வண்டிகளை வாடகைக்கு விடுவோர் இருக்கிறார்கள். ஒரு முறை வாடகைக்கு எடுத்து, ஐவரும் அதில் ஊர் போய் வரட்டும். அதற்கு முன் அன்னையாரை ஒரு மாலைப் பொழுதில் அழைத்துச் சென்று, படி ஏறச் சொல்லி, உட்காரச் சொல்லி, கழிப்பறைக் கதவைத் திறந்து மூடச் சொல்லிப் பார்க்கட்டும். திரும்பி வந்தபின்னும் வேண்டும் எனத் தோன்றினால், ஐந்து மீட்டர் அளவில், உயர்ந்த கூரையுடன், ஓடி நல்ல நிலையிலுள்ள டீஸல் வண்டி ஒன்றைத் தேடலாம். அன்பர் அரைமனதாக இசைந்திருக்கிறார். அவருடைய இல்லத்தரசியார் முழுமனதாக இசைந்திருக்கிறார்.

வாடகை வண்டியாயினும் ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் விபத்துகள் மிகுதி. நாலு டன் வண்டி இறக்கத்தில் கொள்ளும் வேகத்தை அடக்குவது ஒன்றரை டன் வேனை அடக்குவது போன்றதன்று. டீஸல் எஞ்சின் தானாகத் தரும் தடையும் பெட்ரோல் எஞ்சினைவிடப் பொதுவாகக் குறைவு. அதனாலேயே கனரக வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்னும் துணைத்தடை வைக்கிறார்கள். பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அது காய்ந்து, வேண்டும்போது பிடிக்காது. இறக்கம் தொடங்குமுன்னரே இரண்டாவது, மூன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும். எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலில் விடலாகாது. பெங்களூரில் காலைச் சிற்றுண்டி முடித்துப் புறப்பட்டால் அக்கணவாயைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்து, சேலத்தில் மதிய உணவுக்கு நிற்கலாம்.