துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை!



நமது பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தோட்டம் மாறிப் போக நினைத்தவர் கங்காணிக்கு எவ்வளவு கடன் என்பது அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் பேர் இல்லை. 1921 இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று அது வேறு உருவத்தில் வந்திருக்கிறது. கோட்டும் தலைப்பாகையும் போட்ட கங்காணிக்குப் பதிலாக, மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு ஒருநாள் லயத்து வாசலுக்கு வருகிறார் லோன்காரர்.

கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபா லோன். பத்திரச் செலவு என்று 2,000 பிடித்துக்கொண்டு 48,000 கையில் தருகிறார்கள். கிழமைக்கு 1,300 வீதம் 50 கிழமை. கட்டி முடிக்கும்போது 65,000. 'முப்பது வீத வட்டிதான்' என்கிறார்கள். ஆனால் முதலை நாம் கிழமைதோறும் திருப்பிக் கொடுத்து வருகிறோம். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000 க்கும் போடப்படுகிறது. ஆகவே உண்மையான வட்டி அவர்கள் சொல்வதைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், பன்னிரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த கூலி வட்டிக்கும் பத்திரச் செலவுக்குமே போகிறது.

ஒருத்தி தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டுமாம். இதனால் மலையில் ஒரே நிரையில் நிற்கும் பெண்கள் ஒருவரையொருவர் பகைக்கிறார்கள். பொழுது சாயும் வரை வாசலில் குந்தியிருந்து, பிள்ளைகள் முன்னால் தாயை ஏசுகிறார்கள். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன், அதை அடைக்கக் காதுத்தோடு அடகு.

'வாங்கினால் கட்டத்தானே வேண்டும்' என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். வாங்கிய முதலைக் கட்டமாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. மருந்துக்கும் பாடசாலைச் செலவுக்கும் கூரைத் தகரத்துக்கும் சம்பளம் போதாமல் போனதால்தான் கடன் வாங்கினோம். அந்தக் குறைச் சம்பளத்தைப் பற்றி இந்த நியாயவாதிகள் வாய் திறப்பதில்லையே!

2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. மலையகத்துப் பெண்ணின் கடன் மட்டும் கடனில்லையா? 2021 இல் ஹிங்குராக்கொடையில் கிராமத்துப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களிடம் நாம் பாடம் படிக்க வேண்டும்.

தோழியரே, பயம் வேண்டாம். தவணை தவறுவது சிவில் விடயம். அதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகாது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுச் சாமானை எவரும் தூக்கிச் செல்ல முடியாது. மிரட்டினால், கை வைத்தால், பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டியவர்கள் நாம்தான். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமென்றால் 1935 க்கு அழைத்து முறையிடலாம். கட்டிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.

நமது சங்கங்களும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். சந்தாவை மாதாமாதம் வாங்கிய நாம், லோன்காரர் வந்த நாளில் லயத்தில் இருந்தோமா? இனி இருப்போம். வசூலுக்கு வரும் நாளில் தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் அந்தத் தாயின் பக்கத்தில் நிற்கட்டும். தோட்டந்தோறும் குறைந்த வட்டிக் கூட்டுறவுக் கடன், வட்டிக்குச் சட்டக் கட்டுப்பாடு, வாழப் போதுமான சம்பளம்: இம்மூன்றுமே நமது கோரிக்கை.

அன்று துண்டை ஒழித்தோம். இன்று இதையும் ஒழிப்போம்!